கரப்பானுக்கு எந்தத் தண்ணீர்: வேப்பிலையா, நால்பாமரமா, ஓட்ஸா?

மகளுக்கு முழங்கை மடிப்பிலும் கால் மடக்கிலும் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு. டாக்டர் தந்த களிம்பு ஒருபக்கம் இருக்க, குளிக்கிற தண்ணீரில் எதைப் போடுவது என்பதில்தான் வீட்டில் வழக்கு. அம்மாவுக்கு வேப்பிலை. மார்த்தாண்டத்து அத்தைக்கு நால்பாமரப் பட்டை. நான் ஓட்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வேப்பிலைக்குக் காசு கிடையாது, கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நால்பாமரம் என்பது ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கின் பட்டை. கேரளத்தைப் போலவே எங்கள் குமரிப் பக்கமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற சரக்கு. அதன் துவர்ப்பு, நீர் வடிகிற இடத்தை வற்றவைக்கும் என்பார்கள். மகளுக்கு வறண்ட வகை என்பதால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். துண்டில் கறை படிவது மட்டும் உறுதி.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒன்றுதான்: குளித்துத் துவட்டிய பிறகு தோலில் எவ்வளவு ஈரம் நிற்கிறது. கரப்பான் தோல் ஈரத்தைத் தக்கவைக்காது. காய்ந்தால் அரிப்பு, சொறிந்தால் புண். வேப்பிலைத் தண்ணீருக்குப் பின் அவளுக்குத் தோல் இழுத்துப் பிடிக்கும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அவெனாந்த்ரமைடு என்ற பொருள் அரிப்பைத் தணிக்கிறது. அமெரிக்க மருந்துத் துறை 2003இலேயே நைஸான ஓட்ஸ் பொடியைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றிருக்கிறது.

மசாலா, இனிப்பு சேராத ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் பால்போல் வெளுக்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்கணும். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி மாவு, பத்து நிமிடம். சூடு கூடாது, சோப்பும் வேண்டாம். கடலோரத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தங்கி உறுத்தும். முதல் தடவை கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது. மஞ்சள் பொருக்கோ காய்ச்சலோ வந்தால் எந்தக் குளியலும் வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

தண்ணீரை ஒற்றியெடுத்து, மூன்று நிமிடத்துக்குள் உருக்கெண்ணெய் தடவுகிறோம். தேங்காய்ப்பால் காய்ச்சி அம்மா எடுப்பது. இதில் மட்டும் வழக்கே இல்லை. ஓட்ஸில் எனக்குள்ள ஒரே குறை, குளியலறைத் தரை வழுக்கும். வடிகாலிலும் கூழ் தங்கும், அன்றன்றே கழுவிவிட வேண்டும்.