புதுமைக்குத் தனிக் குழுவா, எல்லாருக்கும் நேரமா?

புதுமை வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதற்கென ஆட்களைப் பிரித்துத் தனிக் குழு அமைப்பதா, எல்லா ஊழியர்களுக்கும் சொந்த யோசனைகளுக்கென வேலை நேரத்தில் கொஞ்சம் (‘பொது நேரம்’) ஒதுக்குவதா? நிர்வாகத்தின் அடிப்படை வேலைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

திட்டமிடல்
தனிக் குழு: இலக்கும் கெடுவும் தெளிவு. அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீடின் ‘ஸ்கங்க் வொர்க்ஸ்’ என்ற தனிக் குழு 1943-இல் ஒரு ஜெட் விமானத்தின் முன்மாதிரியை 150 நாளுக்குள் முடித்தது.
பொது நேரம்: எது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஒழுங்கமைத்தல்
பெரிய வித்தியாசம் இங்கேதான்.
தனிக் குழு: வேகம் உண்டு, ஆனால் மற்ற துறைகளோடு ஒட்டு விட்டுப்போகும். நகல் இயந்திர நிறுவனமான ஜெராக்ஸின் பார்க் (PARC) ஆய்வகம் 1973-இல் உருவாக்கிய ஆல்டோ கணினியில் மவுஸும் வரைகலைத் திரையும் இருந்தன. நிறுவனமோ அதைப் பெரிய வியாபாரமாக்கவில்லை. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் கதை.
பொது நேரம்: துறைகள் கலக்கும். அமெரிக்காவின் 3எம் நிறுவன ஊழியர்கள் 15 சதவீத நேரத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம். அங்கே 1968-இல் ஒருவர் கண்டுபிடித்த பசைக்கு வேறொரு சக ஊழியர்தான் பயன் கண்டார். அப்படிப் பிறந்ததுதான் போஸ்ட்-இட் என்ற ஒட்டும் குறிப்புத் தாள்.

வழிநடத்தல்
தனிக் குழு: வலுவான ஒரு தலைவர் போதும்.
பொது நேரம்: ஒவ்வொரு மேலாளரும் மனம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தை அன்றாட வேலையே விழுங்கிவிடும்.

கட்டுப்படுத்தல்
தனிக் குழு: செலவு கணக்கில் தெரியும்.
பொது நேரம்: தெரியாது.

சரி, எது யாருக்கு? கெடுவோடு ஒரே பெரிய இலக்கு என்றால் தனிக் குழு. அதில் விற்பனைத் துறையிலிருந்து ஒருவரை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். இருக்கும் பொருள்களை மெருகேற்றவும் புதுப் பயன் தேடவும் பொது நேரம்.