கிணற்றுத் தண்ணீரும் துளி எண்ணும் பெட்டியும்

எங்கள் கோண்டாவில் வீட்டில் ஒரு கேத்திலுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதற்குள் அடியில் வெள்ளையாய்ப் பாறை கட்டிவிடும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து ஊறுகிற தண்ணீர் வேறென்ன செய்யும்? போன மாதம் டவுனில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையொன்றில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கண்டேன். விலை 6,500 ரூபாய். உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வர மனம் வரவில்லை.

உள்ளே மூன்று சோதனைகள்: வன்மை (தண்ணீரில் கரைந்த கல்சியமும் மகனீசியமும் எவ்வளவு என்பது), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி), குளோரைட்டு (உப்புத்தன்மை). மூன்றும் நியமிப்புத்தான், அதாவது செறிவு தெரிந்த கரைசலை நிறம் மாறும்வரை விட்டு, எவ்வளவு போனது என்று பார்த்துக் கணக்கிடுவது. (தமிழ்நாட்டில் தரம்பார்த்தல் என்பார்கள்.) அளவு குறித்த கண்ணாடிக் குழாயான அளவிக்குப் பதிலாகத் துளிப் போத்தல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் எந்தச் சோதனையில் என்ன நடக்கிறது என்று பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

காசுக்குப் பெறுமதியானது வன்மைச் சோதனை. 5 மில்லிலீற்றர் தண்ணீருக்கு அமோனியா மணக்கும் தாங்கற் கரைசலை (பி.எச். மாறாமல் வைத்திருப்பது) விட்டு, நிறம் மாறிக் காட்டும் காட்டியைச் சேர்த்தால் பீற்றூட் அவித்த தண்ணீர் நிறம் வரும். அப்புறம் உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. கரைசலைத் துளித் துளியாக விட வேண்டும். அது கல்சியத்தையும் மகனீசியத்தையும் ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்துக்கொண்டே போய், கடைசியில் காட்டி பிடித்து வைத்திருக்கும் மகனீசியத்தையும் பறித்துவிடும். தனித்துப்போன காட்டி நீலமாகும். நடுவில் ஊதா வந்து ஏமாற்றும். அங்கே நிறுத்தினால் கணக்குக் குறைந்துவிடும். சிவப்புச் சாயலே இல்லாத நீலம் வரும்வரை, கடைசித் துளிகளை ஆறுதலாக விட வேண்டும்.

தாளின்படி ஒரு துளி என்றால், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, லீற்றருக்கு 20 மில்லிகிராம் வன்மை. நான் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி 10 மில்லிலீற்றர் எடுத்தேன். துளிக்கு 10 ஆயிற்று. உயர்தரம் படிக்கும் பேரன் எண்ணினான். 38 துளி, அதாவது 380. "அம்மம்மா, இதைத்தானே நாங்க பள்ளிக்கூடத்தில அளவியில செய்யிறம்" என்றான். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவியிடமும் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன். 50 மில்லிலீற்றருக்கு 0.01 மோலர் ஈ.டி.ரி.ஏ. 18.6 மில்லிலீற்றர் போனதாம். கணக்குப் போட்டால் 372. துளிப் போத்தலுக்கு இது நல்ல மார்க்ஸ். இலங்கைத் தர நியமமான எஸ்.எல்.எஸ். 614 குடிநீருக்குச் சொல்லும் எல்லை 250 என்பதால், கேத்திலைக் குறை சொல்லவும் முடியாது.

காரத்தன்மைச் சோதனை அமில மூல நியமிப்பு. மெதயிற் செம்மஞ்சள் என்ற காட்டி மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாக மாறுவதை இரவு பல்ப் வெளிச்சத்தில் பார்த்து இரண்டு தரம் தோற்றேன். பகலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் சரி.

குளோரைட்டுப் பகுதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. இது மோர் முறை, வீழ்படிவு நியமிப்பு. வெள்ளி நைத்திரேற்றை விட விட வெள்ளிக் குளோரைட்டு வெள்ளையாய் உறையும். குளோரைட்டு தீர்ந்த பிறகுதான் வெள்ளி, காட்டியாகச் சேர்த்த குரோமேற்றோடு சேர்ந்து செங்கபில நிறம் தலைகாட்டும். எங்கள் கிணற்றில் ஒழுங்காக வேலை செய்தது. குருநகரில் தங்கச்சி வீட்டுச் சவர்த் தண்ணீரில் 60 துளி விட்டும் நிறம் மாறவில்லை, போத்தல்தான் பாதியானது. பத்து மடங்கு ஐதாக்கிச் செய்யுங்கள் என்று தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம். வெளிச்சம் பட்டால் பழுதாகும் வெள்ளி நைத்திரேற்றை நிறமில்லாத போத்தலில் அடைத்து விற்பதை என்னவென்று சொல்வது? விரலில் பட்ட கறை நான்கு நாள் இருந்தது. குரோமேற்று நஞ்சு, சோதித்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள் என்றும் எழுதவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து மாணவியிடம் கொடுத்துவிட்டேன்.

இலத்திரன் கைமாறும் தாழ்த்தேற்ற நியமிப்புக்கு இதில் இடமில்லை. பரமங்கனேற்றின் இளஞ்சிவப்பைப் பார்க்கும் ஆசையோடு வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

கடையில் வன்மைச் சோதனை மட்டும் சின்னப் பெட்டியாக, 2,200 ரூபாய்க்கு இருக்கிறதாம். இதை வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். வீட்டுக் கிணற்றுக்கு அது போதும்.