கோமோவா, கார்டாவா? தனியாக சைக்கிளில் போகிறவருக்கு

இத்தாலியின் ஏரிப் பகுதியில் தனியாக சைக்கிள் ஓட்டப் போகிறீர்கள், ஒரு ஏரிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் கோமோவைத்தான் சொல்வேன்.

காரணம் கிசல்லோ என்ற மலையேற்றம். ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோவிலிருந்து மூச்சு வாங்க ஏறினால், 754 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன மாதா கோயில். 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவை சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாவலராக அறிவித்தார். உள்ளே சுவர் முழுக்க வீரர்களின் சைக்கிள்கள். 1995 டூர் டி பிரான்ஸில் விழுந்து உயிரிழந்த கோமோக்காரர் ஃபேபியோ கசார்ட்டெல்லியின் நொறுங்கிய சைக்கிளும் அங்கே இருக்கிறது. அதன் முன் நிற்காமல் யாராலும் நகர முடியாது. கால் ஓய்ந்தால் பெல்லாஜியோவில் படகு ஏறி வரென்னா போய், அங்கிருந்து மிலானுக்கு ரயில் பிடிக்கலாம். கரையோரச் சாலைதான் குறுகல். விளக்கு கட்டாயம்.

கார்டா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. ஏற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு அதுவே சரி. தென்கரையில் பெஸ்கியேராவிலிருந்து மின்சியோ ஆற்றோடு மாந்தோவா வரை சமதளமான சைக்கிள் பாதை உண்டு. லிமோனேயில் 2018-இல் திறந்த, ஏரிக்கு மேல் தொங்கும் பாதை அழகுதான், ஆனால் சுமார் 2 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அப்புறம் காற்று: காலையில் வடக்கிலிருந்து, பிற்பகலில் தெற்கிலிருந்து. அதைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்.