பற்றியதும் அணையும் கேஸ் ஹீட்டர்: நாலு வருட அனுபவம்

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் வீடு மாறிய நண்பன், உன் வீட்டில் இருப்பது மாதிரி குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும் கேஸ் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டான். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன்.

அதே மலையில் நான் இருக்கும் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். 3.6 கிலோவாட் மின்சார ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால், தண்ணீரை 17 டிகிரிதான் ஏற்றும். கீழே ஈப்போவில் அது தாராளம், இங்கே வெதுவெதுப்போடு சரி. கேஸ் ஹீட்டர் அப்படியில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மா, முழங்கால் வலிக்குக் காலையில் ஆவி பறக்க ஊற்றிக்கொள்கிறார், அதற்காகவே இந்த மெஷினைக் கும்பிடலாம்.

ஆனால் அந்த அணைகிற வியாதி! டிக் டிக் என்று பொறி அடிக்கும், நீலமாகப் பற்றும், ஐந்து எண்ணுவதற்குள் பட்டென்று அணையும். தலையில் சீயக்காயோடு அம்மா பச்சைத் தண்ணீரில் நின்றார்.

14 கிலோ தோம்பை, அதாவது கேஸ் சிலிண்டரை, மாற்றினேன், இரண்டு பேட்டரியையும் மாற்றினேன், தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழுவினேன், பலனில்லை. பழுது பார்க்க வந்தவர், மெஷினை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது என்று புதிதாகப் போட்டு 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ஒன்பதாம் நாள் பழையபடி.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பற்றிய பிறகுதானே அணைகிறது, அப்படியென்றால் கேஸும் வருகிறது, பொறியும் வருகிறது, நெருப்பு இருப்பதுதான் மெஷினுக்குத் தெரியவில்லை. பர்னருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பிதான் அதற்குக் கண். நெருப்பு அதைத் தொட்டால் மைக்ரோஆம்பியர் அளவில் மின்சாரம் ஓடும், ஓடாவிட்டால் போர்டு கேஸை அடைத்துவிடும். அடைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எரியாத கேஸ் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தோம்பை அடைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கம்பியை வெளியே எடுத்தேன். கரியே இல்லை. விபூதி பூசியது போல மெல்லிய வெள்ளைப் படலம், நகத்துக்கு வரவில்லை. நைசான இரும்பு நாரால் மெதுவாகத் தேய்த்தேன், அடியில் இருக்கும் பீங்கான் விரிசல் விடாமல் பிடித்துக்கொண்டு. உப்புத்தாள் வேண்டாம், கீறினால் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். மாட்டித் திறந்தேன், பற்றியது, நின்று எரிந்தது. செலவு ஒன்றுமில்லை.

என் கோபம் இதுதான்: அடிக்கடி துடைக்க வேண்டிய கம்பியை, ஆறு திருகாணிக்குப் பின்னால், கேஸ் குழாயை ஒட்டி ஏன் ஒளித்து வைத்தார்கள்? கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

மாட்டுவதென்றால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டச் சொல்வேன். குளியலறைக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் இதைக் கழற்ற அம்மா விடமாட்டார்.