செட்டிநாட்டு வீடுகளை 'உள்ளே காட்டுகிறோம்' என்று முன்பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய வீடுகள் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, 'ஹெரிடேஜ் ஹவுஸ் டூர்' என்று பேக்கேஜ் விற்கும் ஒருவர் என்னையும் என் மகளையும் நன்றாக ஏமாற்றிவிட்டார். பணம் போனதைவிட, ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஆசையோடு காத்திருந்த ஒரு நாளை வீணடித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

என் மகளுக்குப் பழைய வீடுகள் என்றால் உயிர். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு, கும்பகோணத்தில் ராமானுஜன் வீடு, விருதுநகரில் காமராஜர் வீடு என்று லீவு கிடைக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். போகிற இடத்தில் எல்லாம் கிராஃப் நோட்டில் வீட்டின் அமைப்பை வரைந்துகொள்வாள். எந்த அறைக்கு எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, அடுப்படி எந்தப் பக்கம் என்று குறித்துவைப்பாள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு உண்டு என்று படித்ததிலிருந்து செட்டிநாடு போகவேண்டும் என்று ஒரே நச்சரிப்பு.

விளம்பரத்தில் சொன்னது இதுதான். கானாடுகாத்தான் அரண்மனை உட்பக்கம், காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு உட்பக்கம், ஆத்தங்குடி பெரிய வீடு, ஒரு நகரத்தார் வீட்டில் வாழை இலைச் சாப்பாடு, தரையில் பதிக்கிற ஆத்தங்குடி கல்லைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்ப்பது. கார், கைடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 7,500 ரூபாய். 5,000 ரூபாயை ஜிபேயில் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். "ஓனர்கள் எல்லாருகிட்டயும் பர்மிஷன் இருக்கு சார்" என்று எழுத்திலேயே அனுப்பினார்கள்.

முதலில் அரண்மனை. கேட் பூட்டியிருந்தது. "இன்னைக்கு லீவு சார்" என்றார் கைடு. எதிரே கடை வைத்திருந்தவரைக் கேட்டேன். லீவும் இல்லை ஒன்றும் இல்லை, அது அந்தக் குடும்பத்தின் சொந்த வீடு, யாரையும் அப்படி உள்ளே விடுவதில்லை என்றார். அடுத்து ஆயிரம் ஜன்னல் வீடு. தெருவில் காரை நிறுத்தி, "இதுதான், போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். உள்ளே போவதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டால், "அது சீசனைப் பொறுத்தது சார்" என்று பதில். ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு என்ன சீசன்? என் மகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

இதற்கெல்லாம் மேலே, அதன்பிறகு நடந்ததுதான் மோசம். வேறு ஒரு வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி, நேராகக் கதவைத் தள்ளிக்கொண்டு எங்களை உள்ளே கூட்டிப்போனார். இந்த வீட்டுக்கு 'ஸ்பெஷல் என்ட்ரி' என்று அதற்கு முன்பே தலைக்கு 300 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார். முகப்பைத் தாண்டி வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) கால் வைத்ததும், உள்ளேயிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி வந்தார். கையில் முறம். வடகமோ வற்றலோ காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "யாரைக் கேட்டுய்யா உள்ள வந்த? போன வாரமே சொன்னேன்ல?" என்று அந்த ஆளைப் பார்த்துக் கேட்டார். எனக்கு உடம்பே கூசிப்போனது. நான் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க ஆச்சி, அனுமதி இருக்குன்னு சொல்லிப் பணம் வாங்கினாங்க" என்றேன். "பணமா? வீட்டைப் பார்க்க வர்ற பிள்ளைககிட்ட நான் எதுக்குத் தம்பி பணம் வாங்கப்போறேன்?" என்றார். கைடு அதற்குள் வெளியே போய் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆச்சி எங்களைத் துரத்தவில்லை. மகள் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "வா ஆத்தா" என்று அவரே கூட்டிப்போனார். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று என்று சொன்னார். நாலு பக்க ஓட்டுச் சரிவிலும் வழிகிற மழைத்தண்ணீர் முற்றத்தில் விழுந்து எப்படிச் சேர்கிறது என்று காட்டினார். பர்மா தேக்குத் தூணை மகள் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், இரண்டு கையும் எட்டவில்லை. அன்று நாங்கள் உண்மையிலேயே பார்த்த வீடு அது ஒன்றுதான். அதையும் காட்டியது அந்த வீட்டுக்காரர். கிளம்பும்போது அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்படி ஆட்கள் வந்து வந்து, இப்போது பகலிலும் கதவைப் பூட்டிவைக்கவேண்டியிருக்கிறதாம். பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, வயதானவர்கள் தனியாகக் காவல் இருக்கிற வீடுகள் அங்கே நிறைய. இந்தத் தரகர்கள் விற்பது அவர்களுடைய நிம்மதியைத்தான்.

சாப்பாடு நெடுஞ்சாலை ஓட்டலில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு பழம்பொருள் கடை. பேக்கேஜில் இல்லாத இடம், ஆனால் அங்கேதான் அதிக நேரம் நிறுத்தினார்கள். ஒரு பித்தளைப் பூட்டை "நூத்தம்பது வருஷம் பழசு" என்று பிள்ளை கையில் கொடுத்து 3,200 சொன்னார்கள். திருப்பிப் பார்த்தால் ஆணித் தலைகள் புதிதாகப் பளபளத்தன, சாவித் துவாரத்தின் ஓரத்தில் அரம் போட்ட தடம் அப்படியே இருந்தது. காலகாலமாகச் சாவி போட்டுத் திறந்த பூட்டில் அந்த ஓரம் தேய்ந்து வழுவழுப்பாகி இருக்கவேண்டும். வாங்கவில்லை என்றதும் கைடு முகம் மாறியது. "நேரம் ஆயிருச்சு" என்று ஆத்தங்குடியை அப்படியே வெட்டிவிட்டு, பாக்கி 2,500 ரூபாயைக் கையில் கொடுத்தால்தான் காரைப் பேருந்து நிலையத்துக்கு எடுப்பேன் என்றார். இருட்டுகிற நேரம், கூடப் பெண் குழந்தை. கொடுத்தேன்.

மறுநாள் நாங்களே டவுன் பஸ் பிடித்து ஆத்தங்குடி போனோம். பெரிய வீட்டில் வாசலிலேயே சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். இடைத்தரகர் யாரும் தேவையே இல்லை. கல் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டோம், தாராளமாகப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியில் வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு. சூளையே கிடையாது. மகள் ஒரு பக்கம் முழுக்க அதை வரைந்து வைத்தாள்.

ஆகவே, போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை தனியார் சொத்து. எந்த வீட்டுக்குள் போகலாம் என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்லவேண்டும். 'எல்லா வீட்டுக்கும் பர்மிஷன் இருக்கு' என்று ஒருவர் சொன்னால், எந்த வீடு, அங்கே யாரிடம் கேட்கலாம் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஓட்டலாக மாற்றிய பழைய வீடுகள் சில இருக்கின்றன. அங்கே தங்குகிறவர்கள் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கும் அதுதான் வசதி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த எண்ணிலிருந்து என்னை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காரைக்குடிக்கு அலையவேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.