கஞ்சா கார்டு சர்வீஸ்: முதுகுவலிக்கு 4 ஸ்டார், வாயே திறக்காததுக்கு 1 ஸ்டார்

பென்சில்வேனியால இருக்கறவங்களுக்காக எழுதறேன், மத்தவங்களும் படிச்சு வெச்சுக்கோங்க. டிஸ்க் தேஞ்சு மூணு வருஷமா முதுகுவலி, ராத்திரி புரண்டு படுத்தா கரன்ட் அடிச்ச மாதிரி கால் வரைக்கும் இழுக்கும், ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரேன்னு 2024 ஆகஸ்ட்ல ஆன்லைன்ல மெடிக்கல் மரிஜுவானா கார்டு, அதாவது ஸ்டேட் அனுமதியோட கஞ்சா மருந்து வாங்கற கார்டு, எடுத்துக் குடுக்கற ஒரு கம்பெனிய பிடிச்சேன். பேர் வேணாம்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். வீடியோ கால் மொத்தமே 7 நிமிஷம், டாக்டரம்மா எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட பாத்தாங்க, நாலு கேள்வி கேட்டாங்க, முடிஞ்சுது. கம்பெனிக்கு 149 டாலர், ஸ்டேட்டுக்கு தனியா 50 டாலர், ரெண்டு வாரத்துல கார்டு தபால்ல வந்துடுச்சு. அந்த மருந்து விக்கற கடைல, டிஸ்பென்சரின்னு பேரு, முதல் தடவை ஃபார்மசிஸ்ட் ஒருத்தர் பொறுமையா உக்காந்து பேசினார், இங்க சட்டப்படி பத்த வெச்சு புகைக்கக் கூடாது, ஆயில், மாத்திரை, க்ரீம், வேப் இப்படித்தான், எனக்கு நாக்குக்கு அடில விடற சொட்டு மருந்து குடுத்தார். நாலாவது நாள் விடிய விடிய தூங்கினேன். அம்மாகிட்ட போன்ல "ஏதோ மூலிகைச் சாறும்மா"ன்னு சொல்லி வெச்சிருக்கேன், பொய்யும் இல்ல பாருங்க.

இப்போ வயித்தெரிச்சலுக்கு வர்றேன். நான் சிட்டிசன், வீட்ல ஒரு 9 எம்எம் பிஸ்டல் இருக்கு, மாசம் ரெண்டு தடவை சுட்டுப் பழக ரேஞ்சுக்கு போவேன். நவம்பர்ல மான் சீசனுக்கு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாங்களேன்னு ரைஃபிள் வாங்க கடைக்கு போனேன். கடைக்காரர் வயசானவர், துப்பாக்கி வாங்கறவங்க நிரப்பற 4473 ஃபார்ம எடுத்து வெச்சுட்டு டிரைவிங் லைசென்ஸ் கேட்டார், நான் பர்ஸ்ல இருந்து உருவறேன், லைசென்ஸோட ஒட்டிக்கிட்டு கஞ்சா கார்டும் வந்து கவுன்டர்ல விழுந்துச்சு. ரெண்டு செகண்ட் அதையே பாத்தார், அப்புறம் ஃபார்ம தன் பக்கம் இழுத்துக்கிட்டார். "சார், பாக்கலன்னு இனிமே நான் சொல்ல முடியாது"ன்னார். ஃபார்ம திருப்பி அந்தக் கேள்விய விரல வெச்சு காட்டினார், கஞ்சாவோ வேற போதைப்பொருளோ சட்டவிரோதமா எடுக்கறவரான்னு கேள்வி, அதுக்கு கீழயே தடிச்ச எழுத்துல, உங்க ஸ்டேட்ல மருத்துவத்துக்கு அனுமதி இருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி, அதாவது மத்திய அரசு சட்டப்படி, இது குத்தம்தான்னு போட்டிருந்துச்சு. இல்லன்னு டிக் பண்ணி கையெழுத்து போட்டிருந்தா அந்தப் பொய்க்கு மட்டுமே 10 வருஷம் வரைக்கும் உள்ள போகலாமாம். போடறதுக்குள்ள அந்த மனுஷன் தடுத்தார், நல்லா இருக்கட்டும்.

கார்டு வெச்சிருக்கறது தெரிஞ்சா விக்கக் கூடாதுன்னு துப்பாக்கி விஷயத்த கவனிக்கற ஃபெடரல் ஏஜென்சி ஏடிஎஃப் 2011லயே எல்லா துப்பாக்கிக் கடைக்கும் லெட்டர் போட்டிருக்கு. அந்த வருஷம் நெவாடால ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி கடைல மாட்டேன்னுட்டாங்க, கேஸ் போட்டாங்க, 2016ல அப்பீல் கோர்ட்லயும் தோத்துட்டாங்க. ஹொனலுலு போலீஸ் 2017ல ஒரு படி மேல போய், கார்டு இருக்கறவங்களுக்கு 30 நாளுக்குள்ள துப்பாக்கிய ஒப்படைங்கன்னு லெட்டரே அனுப்பி, கத்தல் கிளம்பினதும் பின்வாங்கிச்சு. நம்ம ஸ்டேட்ல வாரன் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் அட்டார்னி (குற்ற வழக்கு நடத்தற அரசு வக்கீல்) ராபர்ட் கிரீன், அவர்கிட்டயும் இந்த கார்டு இருக்கு, 2024 ஜனவரில ஃபெடரல் அரசு மேலயே கேஸ் போட்டார். அடுத்தவன உள்ள தள்ற ஆளுக்கே இந்த கதி.

டாக்டர் குடுத்ததுதானே, மருந்துதானேன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். இது ப்ரிஸ்கிரிப்ஷனே இல்ல. 1970 சட்டத்துல கஞ்சாவ ஹெராயினோட ஒரே பட்டியல்ல வெச்சாங்க, அத எந்த டாக்டரும் எழுதிக் குடுக்க முடியாது, இந்த நோய் இவருக்கு இருக்குன்னு ஸ்டேட்டுக்கு சான்று மட்டும்தான் குடுக்கறாங்க. அதனால 2024 நிலவரப்படி ஃபெடரல் கணக்குல நான் 'சட்டவிரோதமா எடுக்கறவன்'. ஆக்ஸிகோடோன் மாதிரி போதை தர்ற வலி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு இருந்தா பிரச்சனை இல்ல, தினமும் விஸ்கி அடிச்சாலும் அந்தக் கேள்விக்கு இல்லன்னு போடலாம், தூங்கறதுக்கு நாலு சொட்டு விடற எனக்கு கூடாது. புதுசா வாங்கறது மட்டும் இல்ல, வீட்ல ஏற்கனவே இருக்கறத வெச்சிருக்கறதும் குத்தம், 2022க்கு அப்புறம் அதுக்கு 15 வருஷம் வரைக்கும்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். சக்கரை, பிரஷர், குடிப்பழக்கம், தாத்தாவுக்கு என்ன வியாதின்னு வரைக்கும் கேட்டீங்களே, துப்பாக்கி இருக்கான்னு ஒரு கேள்வி கேட்டா என்ன குறைஞ்சிருக்கும்னு. மூணு நாள் கழிச்சு காப்பி பேஸ்ட் பதில், "சட்ட சந்தேகங்களுக்கு வக்கீலை அணுகவும்". ரீஃபண்ட் கிடையாது. அவங்க டெர்ம்ஸ் பேஜ்ல கடைசில எறும்பு சைஸ் எழுத்துல ஒரு வரி இருக்கு, ஃபெடரல் சட்டம் வேறுபடலாமாம், அதுல துப்பாக்கிங்கற வார்த்தையே இல்ல.

க்ரீன் கார்டுல இருக்கறவங்க இன்னும் உஷாரா இருங்க. ஸ்டேட் அனுமதிச்சிருந்தாலும் கஞ்சா எடுத்தா சிட்டிசன்ஷிப்புல நன்னடத்தை இல்லன்னு தட்டலாம்னு குடியுரிமை விண்ணப்பங்கள பாக்கற யுஎஸ்சிஐஎஸ் 2019லயே சொல்லியாச்சு. கார்டுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட பேசிடுங்க, 149 டாலர விட அது முக்கியம்.

நான் கார்ட விடல, தூக்கம் பெருசு. வக்கீல்கிட்ட கேட்டு பிஸ்டல மனைவி பேருக்கு மாத்திட்டோம், சேஃப் கோடு அவளுக்கு மட்டும்தான் தெரியும். "ஏங்க, கோடு என்னன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்"னு அவளுக்கு ஒரே குஷி. போன சனிக்கிழமை ரேஞ்சுக்கு தனியா போயிட்டு டார்கெட் பேப்பர எடுத்துட்டு வந்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா, ஏழு ஓட்டை, எல்லாம் நடுவுல.