காஸ்பியன் கடலின் பச்சையை அளக்க எது தேவலை: மோடிஸா, ஓல்சியா?

காஸ்பியனில் தாவர மிதவையுயிரிகள் (நீரில் மிதக்கும், பச்சையம் கொண்ட நுண்ணுயிரிகள்) பருவத்துக்குப் பருவம் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பார்க்க, பலரும் எடுப்பது இரண்டு உணரிகளின் தரவைத்தான். ஒன்று நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ். மற்றது ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள்களில் உள்ள ஓல்சி.

மோடிஸின் பலம் அதன் வயது. 2002இலிருந்து ஒரே கருவியின் பதிவு கிடைக்கிறது. 2005 கோடையின் கடைசியில் தென் காஸ்பியனில் நீலப்பச்சைப்பாசி சுமார் 20,000 சதுர கி.மீ. பரப்பில் படர்ந்ததே, அது மோடிஸ் படங்களில் இருக்கிறது. முதல் சென்டினல்-3 ஏவப்பட்டதோ 2016இல்தான். அதனால் நீண்டகாலப் போக்கு வேண்டும் என்றால் ஓல்சி மட்டும் போதாது.

ஆனால் வடக்கே போனால் கதை மாறுகிறது. வட காஸ்பியனின் சராசரி ஆழம் ஐந்தாறு மீட்டர்தான். கடலுக்கு வரும் ஆற்றுநீரில் ஏறக்குறைய 80 சதவீதம் வோல்கா கொண்டுவருவது. கூடவே வண்டலும், மட்கிய தாவரங்களின் பழுப்புச் சாறும் வருகின்றன. அந்தப் பழுப்பும் பச்சையத்தைப் போலவே நீல ஒளியை விழுங்கும். பச்சையத்தை அளக்கும் மோடிஸின் வழக்கமான கணக்கு நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை நம்புவது. எனவே மே, ஜூன் வெள்ளத்தில் வரும் கலங்கலை அது மிதவையுயிரிப் பெருக்கமாகக் காட்டிவிடக்கூடும். வட காஸ்பியனின் 'வசந்தகால உச்சம்' என்று வரும் வரைபடங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இங்கே ஓல்சிக்குக் கை கொடுப்பது சிவப்பு ஒளியின் ஓரத்தில் உள்ள 709 நானோமீட்டர் அலைவரிசை. 665ஐயும் 709ஐயும் ஒப்பிட்டுப் பச்சையத்தைக் கணக்கிட்டால் பழுப்பின் தொல்லை வெகுவாகக் குறையும். மோடிஸில் அந்த அலைவரிசை இல்லை. ஓல்சியின் படப்புள்ளி 300 மீட்டர், மோடிஸுக்கு ஒரு கிலோமீட்டர் என்பதும் கழிமுகத்தில் பெரிய வித்தியாசம். சரி, தெற்கிலும் இதே சிவப்புக் கணக்கைப் போடலாமே என்றால், ஆழமான தெளிந்த நீரில் சமிக்ஞை மிகவும் மெலிந்துபோகும். அங்கே நீல-பச்சை விகிதமே மேல்.

ஐரோப்பாவின் இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-2 பத்து மீட்டர் வரை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும், நடுவில் மேகம் வந்தால் அதுவும் போச்சு. வோல்கா கழிமுகக் கால்வாய்களுக்கு மட்டும் சரி.

என் தேர்வு: வடக்குக்கு ஓல்சி, தெற்கின் நீண்டகாலப் போக்குக்கு மோடிஸ். இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டுவதற்கு முன் 2016க்குப் பிந்தைய பொதுவான ஆண்டுகளை மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் வடக்கு, தெற்கு எனத் தனித்தனியாக.